செடித் தொட்டிக்கு நாமே அடிமண் தயாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்னீர் மீன் தொட்டியில் செடி வளர்க்கிறவர்களுக்கென்று பையில் அடைத்த தனி மண் விற்கிறார்கள். சுட்ட சிறு உருண்டைகளாக இருக்கும். நல்ல சரக்குதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாதாரண மண்ணையும் மணலையும் வைத்தே அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். அதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்படி மண் போட்ட தொட்டி கெட்டுப்போன கதைகளில் பெரும்பாலானவை எதையோ போட மறந்ததால் வந்தவை அல்ல, இதையும் கொஞ்சம் போடுவோம், அதையும் கொஞ்சம் போடுவோம் என்று சேர்த்துக்கொண்டே போனதால் வந்தவை.

வெறும் மணலில் செடி வளராதா?

வளரும். ஆனால் தீனி நீங்கள் போட வேண்டும். கழுவிய மணலில் செடிக்கு எடுத்துக்கொள்ள எதுவுமே கிடையாது. மீன் கழிவு அடியில் படிந்து மெல்ல மெல்லச் சத்து சேரப் பல மாதம் ஆகும். அதுவரைக்கும் பாட்டில் உரம்தான். மண் போட்டால் முதல் நாளிலிருந்தே வேருக்கு இரும்பும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கிடைத்துவிடுகின்றன. அதோடு மண்ணில் இருக்கும் மட்கு சிதையும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. தண்ணீருக்குள் வாழும் செடிக்கு எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது அதுதான். கீழே மண், மேலே மணல், நிறையச் செடி, குறைந்த கருவிகள் என்கிற இந்த வழியை 1990களின் கடைசியில் பரவலாக்கியவர் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட். அவர் பெயராலேயே வால்ஸ்டாட் முறை என்று சொல்கிறார்கள்.

எல்லாச் செடிக்கும் மண் வேண்டுமா?

வேண்டாம். கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்டு, வாலிஸ்னேரியா, அல்லி மாதிரி வேர் பெருக்கும் செடிகளுக்குத்தான் மண்ணால் பெரிய லாபம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் கட்டையிலும் கல்லிலும் ஒட்டி வளர்பவை. அவற்றின் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகிப்போகும். ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது. உங்கள் தொட்டியில் இந்த இரண்டாவது வகை மட்டும்தான் இருக்கிறது என்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை, மணலே போதும்.

எந்த மண்ணை எடுப்பது?

செடி நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் இடத்தின் மேல்மண். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்துக்குள் எடுங்கள். அதற்குக் கீழே போகப் போக மட்கு குறைந்துவிடும்.

எங்கே எடுக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். வண்டிப் போக்குவரத்து அதிகமுள்ள சாலையோரம் வேண்டாம், ஈயம் படிந்திருக்கலாம். பழைய பெயிண்ட் உதிர்ந்த சுவரோரமும் அப்படித்தான். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த நிலம் வேண்டவே வேண்டாம். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி அடித்த மண்ணில் இறாலும் நத்தையும் பிழைக்காது. உப்புப் பூத்த நிலமும் ஆகாது.

எடுத்த மண்ணை மூன்று விதமாகச் சோதிக்கலாம். முதலில் மூக்கு. மழை பெய்ததும் வருகிற மண் வாசனை வந்தால் நல்லது. புளித்த வாடையோ அழுகல் நாற்றமோ வந்தால் அதை விட்டுவிடுங்கள். அடுத்தது பாட்டில். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மூன்று அடுக்கும் கண்ணுக்குத் தெரியும் மண்தான் நமக்கு வேண்டியது. முக்கால்வாசி மணல் என்றால் சத்து நிற்காது. முக்கால்வாசி களி என்றால் இறுகிப்போகும். மேலே ஒரு விரல் தடிமனுக்குக் குப்பை மிதந்தால் மட்கு அதிகம், அழுகும். மூன்றாவது வினிகர். காய்ந்த மண்ணில் சில சொட்டு விட்டால் நுரைக்கிறதா பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். குட்டி போடும் கப்பி, மாலி வளர்க்கிறவர்களுக்கு அது வரம். மென்மையான தண்ணீர் கேட்கும் மீன்களுக்கு ஆகாது.

இவ்வளவும் பார்த்த பிறகு நான் இன்னொன்றும் செய்வேன். அகன்ற வாய் பாட்டில் ஒன்றில் இரண்டு விரல் மண், அதன் மேல் இரண்டு விரல் மணல், தண்ணீர், ஏதாவது ஒரு தண்டுச்செடி, ஒரு நத்தை. ஜன்னலோரம் வைத்து மூன்று வாரம் பார்ப்பேன். செடி புது இலை விட்டு நத்தையும் ஊர்ந்துகொண்டிருந்தால் அந்த மண்ணை நம்பலாம். தொட்டி முழுக்க மண்ணைக் கொட்டிவிட்டு வருத்தப்படுவதைவிட இந்த மூன்று வாரம் மேல்.

பூந்தொட்டிக்கென்று விற்கும் கலவையைப் பிரித்து அப்படியே போடலாமா?

என் முதல் மண் தொட்டி அப்படித்தான் ஆரம்பித்தது. பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதும் வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் (மண் இறுகாமலிருக்கக் கலக்கும் எடையற்ற கல் பொரி) மேலே வந்து மிதந்தது. ஒரு மாதத்துக்கு அதை வலையால் அள்ளிக்கொண்டிருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. மண்ணுக்குள் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டி மணிகள் இருந்தன, மெதுவாகக் கரையும் உரம். மூன்றாவது வாரம் அம்மோனியா சோதனைக் குழாய் கரும்பச்சைக்குப் போய்விட்டது, அதாவது அம்மோனியா எக்கச்சக்கம். விட்டிருந்த நான்கு மீனும் போயின.

ஆக, பையை வாங்கினால் உரம் சேர்க்காதது, பெர்லைட் இல்லாதது, ஈரம் பிடிக்கும் ஜெல் கலக்காதது என்று மூன்றையும் பார்த்து வாங்குங்கள். வெறும் மண், மட்கிய இலை, கொஞ்சம் மட்கிய மரப்பட்டை என்று இருந்தால் சல்லடையில் சலித்துப் பயன்படுத்தலாம்.

மண்புழு உரம், சாணம், தேங்காய் நார்த்தூள்?

நன்றாக மட்கிய மண்புழு உரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலக்கலாம். மண்ணே வளமாக இருந்தால் அதுவும் வேண்டாம். சாணம், கோழி எரு எதுவும் கூடாது. நார்த்தூளில் சத்து பெரிதாக இல்லை, உப்பு இருக்கலாம், முழுக்க நனையும் வரை மிதந்து தொல்லை கொடுக்கும். யூரியா, டிஏபி போன்றவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். யூரியா தண்ணீரில் அம்மோனியாவாக மாறும், டிஏபியில் இருக்கும் நைட்ரஜனே அம்மோனிய வடிவம்தான்.

மண்ணை ஊறவைத்துக் காயவைக்கச் சொல்கிறார்களே, அது எதற்கு?

பச்சை மண்ணில் பாதி மட்கிய பொருள் நிறைய இருக்கும். அதை அப்படியே தண்ணீருக்கடியில் மூடினால், மிச்சமுள்ள அழுகல் எல்லாம் உங்கள் தொட்டிக்குள் நடக்கும். அம்மோனியா, பழுப்புத் தண்ணீர், பாசி எல்லாம் அங்கேயிருந்து வருபவை. நனைத்துக் காயவைத்தால் அந்த அழுகலின் பெரும்பகுதி வெளியிலேயே, காற்றுப்படும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை நனையும்போதும் நுண்ணுயிர்கள் வேகமெடுத்து மட்கைத் தின்கின்றன. வெளிவரும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுகிறது. அடுத்த முறை தண்ணீர் ஊற்றி வடிக்கும்போது அதில் நிறையக் கழுவிப் போய்விடும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். அகலமான டப்பில் மண்ணைப் போட்டு நான்கு விரல் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். மிதக்கும் குச்சி, சருகு, வேரை அள்ளி எறியுங்கள். ஒரு நாள் ஊறட்டும். மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு, சேற்றைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்ததும் உடைத்து மறுபடி டப்பில் போடுங்கள். நான்கைந்து சுற்று போதும். தண்ணீரை வடிக்கும்போது களியும் சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சற்றே தெளியும்வரை காத்திருந்து சாய்த்தால் அந்தக் கவலை இல்லை.

கடைசிச் சுற்று முடிந்ததும் 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்தெடுங்கள். கையில் எடுத்தால் காப்பித்தூள் மாதிரி உதிர வேண்டும், வாசனை ஏறக்குறைய ஒன்றும் இருக்கக் கூடாது.

அவசரமாக இருக்கிறது, ஒரே ஒருமுறை ஊறவைத்துப் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கே மிச்சம் பிடித்த நாட்களைத் தொட்டியில் தண்ணீர் மாற்றியே செலவழிப்பீர்கள், அவ்வளவுதான்.

மண்ணை வறுத்து அல்லது வேகவைத்துக் கிருமி நீக்கணுமா?

வேண்டாம். சூட்டில் சாகும் நுண்ணுயிர்களின் உடலிலிருந்தே இன்னும் அம்மோனியா வரும். நமக்கு உதவி செய்பவையும் சேர்ந்து செத்துப்போகும். வீடு பூராவும் நாற்றம் வேறு.

களிமண் கலக்கணும் என்கிறார்களே?

மண் மணற்பாங்காக இருந்தால் கலக்கலாம். காரணம் இதுதான். அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு என்று செடி கேட்கும் சத்துகளில் பல, தண்ணீரில் நேர்மின்னேற்றத்தோடு இருப்பவை. களித் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஆகவே இவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேர் வந்து கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். மணலுக்கு இந்தக் குணம் கிட்டத்தட்ட இல்லை. எல்லாக் களியும் ஒன்றல்ல. செம்மண்ணில் அதிகம் காணப்படும் கயோலினைட் 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி ஈக்விவலன்ட் (பிடித்து வைக்கும் மின்னேற்றத்தை அளக்கும் அலகு) வரைதான் பிடிக்கும். கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் 80க்கு மேல் பிடிக்கும். நல்ல மட்கு அதையும் தாண்டும். ஆனால் கரிசல் ஈரத்தில் வீங்கும், பசைபோல ஒட்டும். செம்மண்ணில் பிடிப்பு குறைவென்றாலும் இரும்பு தாராளம்.

என் கணக்கு: மணற்பாங்கான மண் என்றால் பத்துக்கு ஒன்று, மிஞ்சினால் ஐந்துக்கு ஒன்று பொடித்த களி. பாட்டில் சோதனையில் களி அடுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தால் சேர்க்கவே வேண்டாம். தண்ணீர் மிகவும் மென்மையாக இருந்தால் மட்டும் டாலமைட் தூளை அடியில் லேசாகத் தூவலாம், கால்சியமும் மக்னீசியமும் கிடைக்கும். ஜிப்சம், அம்மோனியம் சல்பேட் போன்ற சல்பேட் உப்புகளை மண்ணில் கலக்காதீர்கள். ஏனென்று குமிழி பற்றிய கேள்வியில் வரும்.

எவ்வளவு மண், எவ்வளவு மணல்?

மண் 2 முதல் 3 செ.மீ., மேல் மணல் 2.5 முதல் 4 செ.மீ. மண்ணைவிட மணல் குறையாமல் இருக்கட்டும்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. கணக்கில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 60க்கு 30 அடிப்பரப்புள்ள தொட்டியில் 2.5 செ.மீ. மண் என்றால் 4.5 லிட்டர். சலித்த பிறகு குறைந்துபோகும், அதனால் 7 லிட்டராக எடுத்து ஆரம்பியுங்கள். 3 செ.மீ. மணல் என்றால் 5.4 லிட்டர். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும், ஆகவே எட்டு ஒன்பது கிலோ வேண்டும்.

செடிக்குச் சத்து நிறைய வேண்டும் என்று மண்ணை ஆறேழு செ.மீ. போடுகிறவர்கள் உண்டு. கீழே வேரும் எட்டாது, ஆக்ஸிஜனும் எட்டாது. அந்த ஆழத்தில் இருப்பதெல்லாம் அழுகத்தான் செய்யும். பின்பக்கம் மேடாக வேண்டுமென்றால் மண்ணை ஏற்றாதீர்கள், மணலை ஏற்றுங்கள்.

மேலே போடும் மணல் எப்படி இருக்கணும்?

மணியின் அளவு 1 முதல் 2 மில்லிமீட்டர். மாவு மாதிரி நைசான மணல் இறுகி மூடிவிடும், காற்றும் நீரும் இறங்காது. கூழாங்கல் போட்டால் இடுக்கு வழியாக மண் மேலே வந்துகொண்டே இருக்கும். கடல் மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும், வினிகர் விட்டால் பொங்கும். கல்லை உடைத்துச் செய்த மணலில் முனை கூராக இருக்கும், அடியைக் கிளறித் தின்னும் கோரிடோரஸ் மாதிரி மீன்களின் மீசையைக் கிழிக்கும். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். மண்ணைக் கழுவாமல் விடலாம், மணலைக் கழுவாமல் விடக் கூடாது.

தொட்டிக்குள் எந்த வரிசையில் போடுவது?

மண்ணை முதலில் தனியாகக் குழைத்துக்கொள்ளுங்கள், சப்பாத்தி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் ஒரு பதத்துக்கு. காய்ந்த மண்ணைக் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றினால் உள்ளே அடைபட்ட காற்று பிறகு குமிழியாகக் கிளம்பி மணலைத் துளைத்துக்கொண்டு வரும். குழைத்த மண்ணைப் பரப்பும்போது முன்பக்கக் கண்ணாடியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உள்ளே தள்ளி நிறுத்துங்கள். அந்த இடைவெளியை மணலால் நிரப்பினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மணல் மட்டும்தான் தெரியும். கண்ணாடியோரம் வெளிச்சம் பட்டு மண்ணில் பாசி பிடிக்காது என்பது கூடுதல் வசதி.

கனமான கல் வைப்பதாக இருந்தால் மண் போடும் முன்பே கண்ணாடி மேல் ஒரு தடித்த பிளாஸ்டிக் துண்டு விரித்து வைத்துவிடுங்கள். பிறகு மண்மேல் வைத்தால் அமுங்கும், சாயும்.

மண்ணுக்கு மேல் மணலைக் கையால் தூவி மூடுங்கள். இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அந்த ஈரத்திலேயே செடி நடுங்கள். இடுக்கியால் வேரை மண்வரை இறக்கி, மணலைச் சுற்றி அணைத்துவிடுங்கள். அப்புறம் மணல்மேல் ஒரு தட்டோ பிளாஸ்டிக் தாளோ விரித்து அதன் மேல் மெல்லிய தாரையாக ஊற்றி நிரப்புங்கள். இதில்தான் முக்கால்வாசிப் பேர் அவசரப்பட்டு ஒரு குழி தோண்டிவிடுகிறார்கள். தொட்டி நிறைய அரை மணி நேரம் ஆகட்டும்.

முதல் நாளே தரையில் பாதிக்கு மேல் செடி இருக்க வேண்டும், மிதக்கும் செடியும் ஒரு கை. செடி இல்லாத மண் தொட்டி என்பது தண்ணீர் ஊற்றிய குழி, அவ்வளவுதான்.

தண்ணீர் டீ மாதிரி பழுப்பாக இருக்கிறது.

மட்கிலிருந்து இறங்கும் டானின். ஆபத்து இல்லை. தண்ணீர் மாற்ற மாற்றக் குறையும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஃபில்டரில் ஒரு பை கரி போடுங்கள். சேறு போலக் கலங்கியிருந்தால் அது வேறு விஷயம், மண் எங்கோ வெளியே தெரிகிறது. அந்த இடத்தைத் தேடி மணல் போட்டு மூடுங்கள்.

மீன் எப்போது விடலாம்?

அம்மோனியாவும், அது நைட்ரேட்டாக மாறும் வழியில் நடுவில் வரும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகு. சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாக ஊறவைத்துக் காயவைத்த மண்ணும் அடர்த்தியான செடியும் இருந்தால் முன்னதாகவே வரலாம், ஆனால் நாள்காட்டியைப் பார்த்து விடாதீர்கள், சோதனைக் குழாயைப் பார்த்து விடுங்கள்.

அம்மோனியா அளவைப் படிக்கும்போது பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண், 7 நடுநிலை) எவ்வளவு என்றும் பாருங்கள். சோதனை காட்டும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. அம்மோனியம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. பல நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கின்றன. மீனைக் கொல்வது அம்மோனியா. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட நச்சு வடிவத்தில் இருக்காது. பிஎச் 8 என்றால் நூற்றுக்கு ஐந்து, 9 என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் நீந்துவதும் இன்னொன்றில் மிதப்பதும் இதனால்தான்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். அடுத்த இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு சோதனை சொல்கிறபடி. மீன் விடும்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல் இரண்டு மூன்றாக விடுங்கள்.

அடியிலிருந்து குமிழி வருகிறது. அழுகல் வாடையும் அடிக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடவா?

பொறுங்கள். குமிழி வேறு, நாற்றம் வேறு. முதல் சில வாரம் வரும் குமிழியில் பெரும்பாலும் அடைபட்ட காற்றும் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் மீத்தேனும்தான் இருக்கும். இவற்றுக்கு வாடை கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மட்டும் அது ஹைட்ரஜன் சல்பைடு.

நீருக்கடியில் மண் ஒரு வரிசைப்படி மாறுகிறது. நெல்வயலில் தண்ணீர் கட்டியதும் நடப்பதும் இதேதான். நுண்ணுயிர்கள் முதலில் ஆக்ஸிஜனைத் தீர்க்கின்றன. அது முடிந்ததும் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு. செந்நிறத் துரு வடிவில் கரையாமல் கிடந்த இரும்பு கரையும் வடிவுக்கு மாறுவது இந்தக் கட்டத்தில்தான், செடிக்கு இரும்பு கிடைப்பதும் இதனால்தான். சிவந்த மண் சாம்பல் நிறமாவதைக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். அதற்கும் அடுத்தது சல்பேட். அதைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் வெளியிடுவதுதான் முட்டை நாற்ற வாயு. சல்பேட் உப்புகளை மண்ணில் கலக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காக.

ஆக, மண்ணுக்குள் ஆக்ஸிஜன் இல்லை என்பது நோய் அல்ல, அதன் இயல்பு. வேர்கள் தங்களைச் சுற்றி ஆக்ஸிஜனைக் கசியவிட்டு ஒரு மெல்லிய பாதுகாப்பான வட்டத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. கொஞ்சமாக வரும் சல்பைடு மேலே ஆக்ஸிஜன் உள்ள தண்ணீரைத் தொட்டதும் சிதைந்துவிடும். இரும்போடு சேர்ந்து கருப்பாகப் படிவதும் உண்டு.

கவலைப்பட வேண்டியது எப்போது? செடியை இழுத்துப் பார்த்தால் வேர் கருத்துக் கொழகொழவென்று வருகிறது, நாற்றம் அறைக்கே வருகிறது என்றால். மெல்லிய குச்சியால் நான்கைந்து செ.மீ. இடைவெளியில் மெதுவாகக் குத்திவிடுங்கள், ஒரே நாளில் முழுத் தொட்டியையும் குத்தாமல் பகுதி பகுதியாக. மீன் இருந்தால் காற்றுக் குழாயை ஓடவிட்டு, தண்ணீர் மாற்றிக்கொண்டே செய்யுங்கள். வேர் ஓடும் செடியை அந்த இடத்தில் நடுங்கள். மணலுக்குள் புகுந்து கிளறும் ட்ரம்பெட் நத்தைகளும் உதவும், அவை பெருகுவதைச் சகித்துக்கொள்ள முடிந்தால்.

மண் போட்டால் பிஎச் இறங்குமா ஏறுமா?

தண்ணீரில் மூழ்கிய மண் சில வாரத்தில் நடுநிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும், அமில மண் ஏறியும் கார மண் இறங்கியும். நெல்வயல் மண்ணை வைத்து இதை விரிவாக எழுதியவர் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மண் வேதியியலாளர் பொன்னம்பெரும, 1972இல். ஆனால் அது மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தின் கதை. மேலே நிற்கும் தண்ணீரின் பிஎச்சைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் கடினத்தன்மைதான். பிஎச்சைக் குறைக்க மண் போடுவது வீண்வேலை.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்கணுமா?

தேவையில்லை. முதல் சில மாதங்களுக்கு மண்ணே தருகிறது. சிலிண்டர் வைத்தால் செடி வேகமாக வளரும், மண்ணும் வேகமாகத் தீரும்.

பாசி மூடிவிட்டது.

வெளிச்சத்தைக் குறையுங்கள். புதுத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போதும். மிதக்கும் செடியைக் கூட்டுங்கள், மேலே வழியும் சத்தை அது இழுத்துக்கொள்ளும். பாசிக்கொல்லி ஊற்றாதீர்கள்.

எந்த மீன் ஒத்துவராது?

தோண்டுகிறவை. தங்கமீன், பெரிய சிக்லிட் வகைகள், பிளெக்கோ வளர்ந்த பிறகு. ஒரே இரவில் மண்ணை மேலே கொண்டுவந்துவிடும். கோரிடோரஸ் மேல் மணலைத்தான் துழாவும், மணல் 4 செ.மீ. இருந்தால் பயமில்லை. சிறிய மீன்களும் இறாலும் மண் தொட்டிக்கென்றே பிறந்தவை.

அடியைச் சைஃபன் போட்டுச் சுத்தம் பண்ணணுமா? செடியை இடம் மாற்றலாமா?

சைஃபனை மணலுக்குள் விடாதீர்கள். மேலே கிடக்கும் குப்பையை மட்டும், ஒரு விரல் உயரத்தில் பிடித்து உறிஞ்சுங்கள்.

இடம் மாற்றுவதுதான் மண் தொட்டியின் உண்மையான பலவீனம். வாரம் ஒருமுறை அலங்காரத்தை மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது. வேர் பெருத்த அமேசான் ஸ்வார்டைப் பிடுங்கினால் கால் கிலோ சேறு கூடவே வரும். தேவையில்லாத செடியை மணல் மட்டத்தில் கத்தரித்துவிடுங்கள், வேர் உள்ளேயே மட்கட்டும். பிடுங்கியே தீர வேண்டுமென்றால், சுற்றிலும் கத்தரியால் வேரை வெட்டிவிட்டு, சைஃபன் குழாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக இழுங்கள்.

கிரிப்டோகோரைன் நட்ட புதிதில் இலையெல்லாம் கரைந்து போவதைப் பார்த்து இடம் மாற்றுகிறவர்கள் நிறைய. மாற்றாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், சில வாரத்தில் புது இலை வரும்.

ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் இப்போது மண் போட முடியுமா?

மீனோடு சேர்த்து முடியாது. மீனையும் ஃபில்டரையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். அது முடியாதவர்கள் களி உருண்டை செய்து வைக்கலாம். மேலே சொன்னபடி பக்குவப்படுத்திய மண்ணும் களியும் சம அளவு எடுத்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, நிழலில் முழுக்கக் காயவையுங்கள். வேர்ப் பெருக்கும் செடி ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்றிரண்டு, இடுக்கியால் ஆழமாக இறக்கிவிடுங்கள். மேலாக வைத்தால் கரைந்து கலங்கும். உருண்டைக்குள் வேறு எதுவும் சேர்க்கலாமா என்றால், தண்ணீரில் நன்றாகக் கரையும் எதையும் சேர்க்காதீர்கள் என்பேன்.

மண் எத்தனை வருஷம் தாங்கும்?

மட்கு மெல்லத் தீரும், களி அப்படியே இருக்கும். மட்கு தீரும் நேரத்தில் மீன் கழிவும் உதிர்ந்த இலையும் மணலுக்குள் இறங்கி அந்த இடத்தை நிரப்ப ஆரம்பித்திருக்கும். களி அந்தச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மீனுக்குத் தீனி ஒழுங்காகப் போடும் தொட்டி பல வருஷம் ஓடும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு குறைவு. பழைய இலையில் ஓட்டை விழுந்தால் பொட்டாசியமாக இருக்கலாம். அந்தச் செடிக்கு அடியில் இரண்டு களி உருண்டை வைத்துப் பாருங்கள். பொட்டாசியத்துக்கு மட்டும் உருண்டையை நம்பாமல் தண்ணீரில் கலக்கும் உரத்தைக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

தொட்டியைக் கலைக்கும்போது இந்த மண்ணை என்ன செய்வது?

முதலில் மீனை எடுத்துவிடுங்கள், மண்ணைக் கிளறும்போது அவை உள்ளே இருக்கக் கூடாது. தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி வெயிலில் மொறமொறவென்று காயவையுங்கள். நாற்றம் ஒரே நாளில் போய்விடும். காய்ந்ததைப் பூந்தொட்டியில் கலந்தால் செடி நன்றாக வரும். மணலைக் கழுவி அடுத்த தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். நத்தையோ மிதக்கும் செடியின் துண்டோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரச் சேற்றை மட்டும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். ஒரு துண்டு போதும், அந்த நீர்நிலை முழுக்கப் பரவிவிடும்.